நன்றிக் கடிதம்: எதை எழுதுவது, எப்படி அனுப்புவது, எங்கே கெடுகிறது

#1 மைக்கூடு

இந்த மன்றத்தில் வேறு வேறு இழைகளில் துண்டு துண்டாகப் பேசியதை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று இதைத் தொடங்குகிறேன். நன்றிக் கடிதம் மட்டும்தான் பேச்சு. ஆசிரியருக்கோ செவிலியருக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ சமயத்தில் பணம் கொடுத்த மாமாவுக்கோ, யாருக்கு எழுதுவதானாலும் சரி.

பெரும்பாலான கடிதங்கள் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. எழுதுகிறவர் தன் மனநிலையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார், எதிராளி செய்த காரியத்தை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. "தாங்கள் செய்த பேருதவியை என் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டேன், நெஞ்சார்ந்த நன்றிகள்." இந்த வரியை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். மேலே பெயரை மாற்றினால் போதும். படிக்கிறவருக்கும் அது தெரியும்.

பேனாவை எடுக்குமுன் ஒரு கிழிசல் தாளில் நான்கு கேள்விக்குப் பதில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் என்ன செய்தார், அதாவது எந்த நாள், எந்த இடம், என்ன பொருள், எத்தனை தடவை? அதைச் செய்ய அவருக்கு என்ன செலவானது, அதாவது எவ்வளவு நேரம், அலைச்சல், தூக்கம், பணம்? அதனால் என்ன நடந்தது? இன்றைக்கு அது எந்த நிலையில் இருக்கிறது?

இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடிதத்துக்கு உயிரே அதுதான். "நீங்கள் எனக்காக இவ்வளவு இழந்தீர்கள், அது எனக்குத் தெரியும்" என்பதை உதவி செய்தவர் தானாகச் சொல்லிக்கொள்ள முடியாது. வாங்கியவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மாதிரி வைக்கிறேன்:

*அன்புள்ள அக்காவுக்கு,*

*அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாளும் காலை ஆறரைக்குள் கஞ்சித் தூக்கோடு வந்து நின்றீர்கள். அம்மாவுக்கு உப்பில்லாமல் தனியாக, எங்களுக்குத் துவையலோடு தனியாக. ஆறரைக்கு வந்து சேர ஐந்து மணிக்கே அடுப்பைப் பற்றவைத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.*

*அம்மா இப்போது தெருமுனை வரை நடக்கிறார். நேற்றுக் குழம்பில் உப்பு போதவில்லை என்று சண்டை போட்டார்.*

*தூக்கைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று அம்மா உள்ளே கொஞ்சம் வெல்லம் போட்டிருக்கிறார்.*

ஏறத்தாழ அறுபது சொல். "நன்றி" என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. போடக் கூடாது என்று சொல்லவில்லை. அது இல்லாமலே கடிதம் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், நின்றால் கடைசியில் ஒரு தடவை போட்டுக்கொள்ளலாம். 200 சொல்லுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் கடிதம் மெல்ல உங்கள் சொந்தக் கதையாக மாறிவிடும்.

#2 வேப்பமரத்தடி

நல்ல இழை. ஒரு அடிப்படைக் கேள்வி. நம் பக்கத்தில் சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ "நன்றி" என்று எழுதினால் மனசு கோணிப்போகும். "என்னடா, அசலூர்க்காரனுக்குச் சொல்ற மாதிரி சொல்ற" என்பார்கள். சொந்தத்துக்குள் நன்றி சொல்வது கணக்கை முடித்துக்கொள்வதுபோல ஆகிவிடுகிறது. அப்படியானால் இந்த வழக்கமே நமக்கு ஒட்டுமா?

#3 சொல்வேர்

வேப்பமரத்தடி, அந்தக் கூச்சத்துக்குக் காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பழைய தமிழில் நன்றி என்றால் செய்த நன்மை. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குப் பெயர் "செய்ந்நன்றி அறிதல்". ஒருவர் செய்த நன்மையை உணர்ந்திருத்தல் என்று பொருள். "நன்றி மறக்காதே" என்று இன்றைக்கும் சொல்லும்போது "செய்த நல்லதை மறக்காதே" என்றுதான் சொல்கிறோம், "தேங்க்ஸ் சொல்ல மறக்காதே" என்று இல்லை.

அதிகாரத்தின் பெயரில் இருப்பது அறிதல். கூறல் இல்லை, தெரிவித்தல் இல்லை. ஒவ்வொரு உதவிக்கும் உடனே ஒரு சொல்லைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம் பேச்சில் பிற்பாடு வந்து சேர்ந்தது. அதனால்தான் அண்ணன் தம்பிக்குள் அது ஒட்டாமல் நிற்கிறது. ஆனால் மைக்கூடு காட்டிய மாதிரியில் இருப்பது முழுக்க அறிதல்தான். ஐந்து மணிக்கு அடுப்பு எரிந்ததை ஒருவர் கவனித்திருக்கிறார். அதற்கு எந்தச் சித்தப்பாவும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சொந்தக்காரர்களுக்கு எழுதும்போது உதவும் சில முடிவுகள்: "இதை நான் மறந்துவிடவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன்." "பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்." "அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது நேரில் வருகிறேன்." மூன்றிலும் நன்றி இல்லை. கணக்கும் முடியவில்லை, உறவு தொடர்கிறது.

விளிப்பும் பார்த்துப் போட வேண்டும். நேரில் "சித்தப்பா, நீங்க" என்று பேசுகிறவர் கடிதத்தில் "தாங்கள், தங்களின்" என்று ஏறிப்போனால் அங்கேயே அந்நியம் வந்துவிடும். நீ என்று பேசும் அண்ணனுக்கு நீ என்றே எழுதுங்கள். "மதிப்பிற்குரிய ஐயா" தலைமையாசிரியருக்குப் பொருந்தும், தாய்மாமனுக்குப் பொருந்தாது. நம் பெரியவர்கள் கடிதத்தில் "நலம், நலமறிய ஆவல்" என்றுதான் தொடங்குவார்கள். வயதானவர்களுக்கு எழுதும்போது அதை விடாதீர்கள். அவர்கள் கண் முதலில் தேடுவது அதைத்தான்.

#4 அஞ்சல்வழி

எழுதியாகிவிட்டது, அனுப்புவது எப்படி? இதில் சின்னச் சின்னத் தவறுகள் நிறைய நடக்கின்றன.

அஞ்சலட்டை 50 பைசா. 14 செ.மீ.க்கு 9 செ.மீ. பொடி எழுத்தில் எழுதினாலும் அறுபது எழுபது சொல்லுக்கு மேல் நெருக்கடி. அதைவிட முக்கியம், அது திறந்த கடிதம். தபால்காரரும் படிக்கலாம், வாசலில் வாங்கி வைக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் படிக்கலாம். பண உதவி, நோய், குடும்பத் தகராறு, பெண் பார்த்த விஷயம் எதையும் அட்டையில் எழுத வேண்டாம். உதவி செய்தவர் அதைத் தன் வீட்டிலேயே சொல்லாமல் செய்திருக்கலாம்.

இன்லேண்ட் கடிதம் 2 ரூபாய் 50 காசு. நன்றிக் கடிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான தாள் இல்லை. இடம் அளவாக இருப்பதால் வளவளவென்று போகாது. உள்ளே எதுவும் வைக்கக் கூடாது. புகைப்படமோ விபூதிப் பொட்டலமோ வைத்தால் அது உறைக் கடிதக் கணக்குக்குப் போய்விடும். மடிப்பை ஒட்டும்போது எழுத்தின் மேல் பசை படாமல் ஓரத்தில் ஒரு விரற்கடை விடுங்கள். பிரிக்கும்போது கிழிவது எப்போதும் கடைசி வரிதான்.

உறைக் கடிதம் 20 கிராம் வரை 5 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபாய். 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம். மூன்று தாளும் ஒரு சாதாரண உறையும் சேர்ந்தால் 20ஐத் தொட்டுவிடும். ஆகவே இரண்டு தாளோடு நிறுத்துங்கள், அல்லது 10 ரூபாய்க்கு ஒட்டுங்கள். வாழ்த்து அட்டை வாங்குகிறவர்கள் கவனிக்க: ஏ4 அளவுள்ள 300 ஜி.எஸ்.எம். அட்டையை ஒரு மடிப்பு மடித்தால் அட்டையே 18 கிராமுக்கு மேல். உறையோடு சேர்த்தால் 5 ரூபாய் அஞ்சல் தலை போதவே போதாது.

தலை குறைந்தால் என்ன ஆகும்? குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள். நன்றி சொல்லப் போய் அவரைத் தண்டம் கட்ட வைத்ததாகிவிடும். சந்தேகம் வந்தால் அஞ்சலகத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

முகவரியைப் பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள். உள்ளே எந்த மையானாலும் சரி, உறை மேல் ராயல் புளூ வேண்டாம். ஐப்பசி மழையில் பை நனைந்தால் பெயர் கரைந்தோடிவிடும். தமிழ்நாட்டுக்குள் தமிழ் முகவரி தாராளமாகப் போகும். வேறு மாநிலமானால் முகவரியை ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். பின்கோடு 6 இலக்கத்தையும் தெளிவாகப் பிரித்து எழுதுங்கள். அனுப்புநர் முகவரியை மறக்காதீர்கள், வீடு மாறியிருந்தால் திரும்பி வர ஒரு வழி வேண்டும்.

#5 வேப்பமரத்தடி

சொல்வேர், மனசுக்குச் சரியாகப் படுகிறது.

அஞ்சல்வழி, முக்கியமான கடிதமென்றால் பதிவுத் தபாலில் அனுப்பலாமா?

#6 அஞ்சல்வழி

2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். ஆகவே கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டுமென்றால் ஸ்பீட் போஸ்ட்தான். ஆனால் நன்றிக் கடிதத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. கையெழுத்துக்காக எண்பது வயதுக்காரரை வாசலுக்கு வரவழைக்க வேண்டுமா? பதிவுத் தபால் என்றாலே வக்கீல் நோட்டீஸோ வங்கி நோட்டீஸோ என்று பதறுகிற வீடுகளும் இருக்கின்றன. சாதாரணத் தபாலில் போடுங்கள். இரண்டு வாரத்தில் தகவல் இல்லையென்றால் "ஒரு கடிதம் போட்டிருந்தேன், வந்ததா?" என்று போனில் கேட்டுக்கொள்ளலாம்.

#7 வெள்ளைச்சீருடை

ஆஸ்பத்திரிக்கும் அரசு அலுவலகத்துக்கும் எழுதுகிறவர்களுக்கு.

"உங்கள் மருத்துவமனைக்கு நன்றி" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் போய்ப் படுத்துவிடும். ஆளைக் குறிப்பிடுங்கள். வார்டு எண், தேதி, எந்த ஷிப்ட் என்று எழுதினால் பெயர் தெரியாவிட்டாலும் பணிப் பட்டியலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். "மார்ச் 3ஆம் தேதி இரவு, இரண்டாம் மாடி பெண்கள் மருத்துவ வார்டில் பணியில் இருந்த செவிலியர்" என்றால் போதும். தூய்மைப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், லிப்ட் இயக்குகிறவர், இவர்களுக்குக் கடிதம் வருவதே அரிது. அவர்களை ஞாபகத்தில் வையுங்கள்.

கடிதம் அந்த ஆளின் பெயருக்கு, நகல் மேலதிகாரிக்கு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானால் முதல்வர், அதாவது டீன், செவிலியரானால் செவிலியர் கண்காணிப்பாளருக்கும் ஒரு நகல். பேருந்து நடத்துநரானால் அந்தப் பணிமனையின் கிளை மேலாளர். தடம் எண், வண்டியின் பதிவெண், நேரம், ஏறிய நிறுத்தம் நான்கையும் எழுதிவிடுங்கள். பயணச்சீட்டு கையில் இருந்தால் அதன் எண்ணையும் சேருங்கள்.

பணமோ பரிசோ வைக்காதீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகளில் பரிசு வாங்குவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. உறைக்குள் ஐந்நூறு ரூபாய்த் தாள் இருந்தால் அவர் அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட முடியாது. வெறும் கடிதம் என்றால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், பதவி உயர்வுக் கோப்பில் வைக்கலாம்.

நோயாளியின் பெயரும் நோயும் வெளியே தெரிய வேண்டாம் என்றால் நகலில் படுக்கை எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நகல் எத்தனை மேசைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

#8 மைக்கூடு

#7 சொன்னதற்கு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். இது தெரியாமல் நல்ல மனசோடு கெடுதல் செய்துவிடுகிறோம்.

அவர் செய்த உதவி விதியைத் தளர்த்திச் செய்ததா என்று முதலில் யோசியுங்கள். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் உள்ளே விட்ட காவலாளி. கவுன்டர் மூடிய பிறகும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட எழுத்தர். நிறுத்தம் இல்லாத இடத்தில் கர்ப்பிணிக்காக வண்டியை நிறுத்திய ஓட்டுநர். இவர்களின் மேலதிகாரிக்கு நீங்கள் எழுதும் நன்றிக் கடிதம், தேதியும் நேரமும் கையெழுத்தும் போட்ட சாட்சியம். எவ்வளவு துல்லியமாக எழுதுகிறீர்களோ அவ்வளவு அவருக்குச் சிக்கல்.

அந்த மாதிரி நேரத்தில் கடிதம் அவர் கைக்கு மட்டும் போகட்டும், நகல் வேண்டாம். அல்லது மேலதிகாரிக்கு எழுதும்போது பொறுமை, பேச்சில் கனிவு, வழி சொன்ன விதம் இவற்றை மட்டும் எழுதுங்கள். முகநூலில் படத்தோடு போடுவதற்கும் இதே விதிதான், இரண்டு மடங்காக.

#9 தரவுப்பிரியன்

கடிதம் எழுதுவதால் உண்மையில் என்ன பயன் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. எனக்கு உறுதியாகத் தெரிந்த மூன்றை மட்டும் சொல்கிறேன்.

அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டது. ஆட்களை நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். வாங்குகிறவர் எவ்வளவு வியப்படைவார், எவ்வளவு மகிழ்வார், எவ்வளவு சங்கடப்படுவார் என்று எழுதியவர்களையே ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு வாங்கியவர்களிடம் நேராகக் கேட்டார்கள். வியப்பையும் மகிழ்ச்சியையும் எழுதியவர்கள் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள், சங்கடத்தைக் கூட்டி மதிப்பிட்டிருந்தார்கள். "சரியான சொல் வரவில்லையே" என்று எழுதுகிறவர் தவிக்கிறார். படிக்கிறவர் கவனிப்பது சொல் திறமையை இல்லை, அதில் இருக்கும் அன்பைத்தான். தமிழில் பிழை வருமே என்று தயங்கி எழுதாமல் இருப்பவர்கள் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, மார்ட்டின் செலிக்மனும் கூட்டாளிகளும் 2005இல் வெளியிட்டது. உதவி செய்தும் ஒருபோதும் முறையாக நன்றி பெறாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த ஆய்வில் சோதித்த பயிற்சிகளிலேயே உடனடி மகிழ்ச்சியைப் பெரிய அளவில் கூட்டியது இதுதான். ஒரு மாதம் வரை தாக்குப்பிடித்தது.

மூன்றாவது, இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜோயல் வாங் குழு செய்தது. மனநல ஆலோசனைக்கு வந்த ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் மாணவர்கள். ஒரு பகுதியினர் மூன்று வாரம் வாரத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினார்கள். நான்கு வாரம் கழித்தும் பன்னிரண்டு வாரம் கழித்தும் அவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. கடிதத்தை உண்மையில் அனுப்பியவர்கள் 23 விழுக்காடுதான். அனுப்பாதவர்களுக்கும் பயன் இருந்தது.

#10 வேப்பமரத்தடி

அப்படியானால் எழுதி மேசை இழுப்பறையில் போட்டுவிடலாமா?

#11 தரவுப்பிரியன்

எழுதியவரின் மனநலம் மட்டும்தான் நோக்கம் என்றால், அந்த ஆய்வுப்படி ஆம். ஆனால் செலிக்மனின் பயன் மூன்றாம் மாதத்தில் கரைந்துபோயிருந்தது. ஒரு கடிதத்தில் ஆயுள் முழுக்க நிம்மதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாங் ஆய்வில் இன்னொரு தகவல் எனக்குப் பிடித்தது. மனநலம் மேம்பட்டதை விளக்கியது கடிதத்தில் இனிப்பான சொற்கள் கூடியது இல்லை, கசப்பான சொற்கள் குறைந்ததுதான். புகழ்மாலை கட்டத் தேவையில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

#12 மைக்கூடு

அனுப்புங்கள். நமக்குக் கிடைக்கும் பயன் ஒரு பக்கம் இருக்கட்டும். செய்ததற்கு ஏதாவது பலன் இருந்ததா என்று தெரியாமலே அந்த மனுஷர் இருக்கிறாரே, அதற்காக அனுப்புங்கள்.

#13 வடமராட்சிக்காற்று

எங்கட பக்கத்தில நன்றி எழுத்துக்கு ஒரு தனி முறை இருக்கு, சொல்லவேணும். யாழ்ப்பாணத்தில ஒரு செத்தவீடு நடந்தால் 31ஆம் நாள் செய்யிற அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் எண்ட சடங்குகளோட "நன்றி நவிலல்" எண்டு அச்சடிச்சுக் குடுக்கிறது வழமை. பத்திரிகையிலயும் போடுவினம். வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் இணையத்தில போடுவினம்.

அதின்ர அமைப்பைக் கவனியுங்கோ. செய்தி கேட்டு ஓடி வந்தவை, தொலைபேசியில ஆறுதல் சொன்னவை, மலர்வளையம் வைச்சவை, உணவு தந்தவை, கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம் அடிச்சவை, கிரியையில பங்கெடுத்தவை எண்டு செய்த வேலையை வேலையாப் பிரிச்சுச் சொல்லும். மைக்கூடு சொன்ன முறைதான், ஆனால் ஊர் முழுக்கச் சேர்த்து. ஆரின்ர பேரும் இராது. பேர் போட்டால் விடுபட்ட ஒராள் ஆயுசுக்கும் மனசில வைச்சிருப்பார்.

பிழை வாறது எங்கயெண்டால், அந்தப் பிரசுரத்தோட கடமை முடிஞ்சுது எண்டு நினைக்கிறதில. இரவிரவாய்ப் பக்கத்தில இருந்தவருக்கும் பந்தல் போட்டவருக்கும் அதே அச்சுத் தாள்தான் போகுது. அப்பிடி நாலஞ்சு பேருக்கு மட்டும் அந்தத் தாளின்ர பின்பக்கத்தில கையால ரெண்டு வரி எழுதிவிடுங்கோ. "அண்டிரவு ரெண்டு மணிக்கு நீங்கள் வைச்ச தேத்தண்ணி" எண்டு ஒரு வரி போதும்.

#14 மைக்கூடு

அருமை. பெயர் விடுபடும் சிக்கலுக்கு அதுதான் சரியான வழி. திருமணத்துக்கும் பொருந்தும். மொய் எழுதிய எல்லோருக்கும் அச்சிட்ட அட்டை, கல்யாண வேலையைத் தோளில் தாங்கிய பத்துப் பேருக்குக் கையெழுத்துக் கடிதம். தொகையை மட்டும் கடிதத்தில் எழுதாதீர்கள். மொய் நோட்டில் இருந்தால் போதும்.

#15 நூலடுக்கு

அரசுப் பள்ளி நூலகத்துக்கோ கிராம நூலகத்துக்கோ புத்தகம் கொடுத்தவர்களுக்கு எழுதுவது பற்றிச் சுருக்கமாக.

ரசீது வேறு, நன்றிக் கடிதம் வேறு. ரசீதை உடனே கொடுங்கள். கடிதத்தைப் புத்தகம் அலமாரிக்குப் போன பிறகு எழுதுங்கள், நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். அப்போதுதான் எழுத விஷயம் இருக்கும். வரவுப் பதிவேட்டில் ஏறிய எண்கள், எந்த அலமாரி, எந்தப் புத்தகத்தை எத்தனை பிள்ளைகள் எடுத்துப் போனார்கள், அட்டை கிழிந்து பைண்டிங்குக்குப் போனது எது என்று எழுதுங்கள். கிழிந்ததை எழுதக் கூச்சப்பட வேண்டாம். கொடுத்தவருக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை.

பிள்ளைகளை எழுத வைத்தால் கரும்பலகையில் ஒரு மாதிரியை எழுதிப்போட்டு நாற்பது பேரையும் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள். நாற்பதும் ஒரே கடிதமாக வரும். ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்து, எந்தப் பக்கம் பிடித்தது, ஏன், வீட்டில் யாருக்கு வாசித்துக் காட்டினாய் என்று கேளுங்கள். பேச்சுத் தமிழில் வந்தால் திருத்தாமல் விடுங்கள். பிள்ளையின் முதல் பெயரும் வகுப்பும் போதும். புகைப்படம், வீட்டு முகவரி கூடவே கூடாது.

கடைசிப் பத்தியில் "அடுத்த ஆண்டு மேசை நாற்காலியும் வாங்கித் தந்தால்" என்று எழுதுவது பெருந்தவறு. அந்த ஒரு வரி வந்ததும் மேலே எழுதிய அத்தனையும் அடுத்த விண்ணப்பத்துக்கு முன்னுரையாகிவிடும். கேட்க வேண்டியதை மூன்று மாதம் கழித்துத் தனிக் கடிதத்தில் கேளுங்கள்.

#16 கடைசிப்பெஞ்சு

இருபது, முப்பது வருடம் கழித்து ஆசிரியருக்கு எழுதலாமா? இப்போது போய் என்ன என்று தோன்றுகிறது. அவருக்கு ஆளே ஞாபகம் இருக்காதே.

#17 மைக்கூடு

எழுதலாம். தாமதமான கடிதத்துக்கு ஒரு தனி பலம் உண்டு. நல்லது முளைத்து வளர்ந்து நிற்பதை அதில்தான் காட்ட முடியும்.

தாமதத்துக்கு ஒரே ஒரு வரி மன்னிப்பு. "முன்பே எழுதியிருக்க வேண்டும்" என்பதோடு விடுங்கள். அரைப் பக்கம் மன்னிப்பு கேட்டால், அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வந்துவிடும்.

அவர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தவர். உங்களை ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல், ஞாபகத்துக்குக் கொண்டுவரும் அடையாளத்தைத் தாருங்கள். எந்த ஆண்டு, எந்த வகுப்பு, எந்தப் பிரிவு, ஊரிலிருந்து எந்தப் பேருந்தில் வருவீர்கள், கூடப் படித்த அண்ணனோ தங்கையோ உண்டா. ஞாபகம் வராவிட்டாலும் கடிதம் பொருள்பட வேண்டும். அதனால் அவர் சொல்லித்தந்த காரியத்தை முழுசாக எழுதுங்கள். "நன்றாகப் பாடம் நடத்தினீர்கள்" என்பது வேண்டாம். "பின்னத்தைக் கூட்டக் கொய்யாப்பழத்தை நான்காக வெட்டிக் காட்டினீர்கள், இன்றைக்கு என் மகளுக்கும் அப்படித்தான் காட்டுகிறேன்" என்பது மாதிரி ஒன்று.

"நீங்கள் இல்லையென்றால் நான் இன்று இல்லை" என்று எழுதாதீர்கள். உண்மையாக இருந்தாலும் அந்தப் பாரத்தைத் தூக்கி அவர் தலையில் வைக்கக் கூடாது. உங்கள் சம்பளமும் பதவியும் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். அடிவாங்கிய கதையைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறவர்களும் உண்டு. ஓய்வு பெற்ற பல ஆசிரியர்களுக்கு அது உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். நன்றிக் கடிதத்தில் அதைத் தொட வேண்டாம்.

முகவரி தெரியாவிட்டால் பள்ளித் தலைமையாசிரியர் பெயருக்கு உறையிட்டு, உள்ளே ஒட்டிய இன்னொரு உறையை வையுங்கள். மேலே "ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை" என்று எழுதிச் சேர்ப்பிக்கக் கேளுங்கள். எடையைப் பார்த்துத் தலை ஒட்டுங்கள், இரட்டை உறை.

#18 கடைசிப்பெஞ்சு

அவர் காலமாகிவிட்டார் என்றால்?

#19 சொல்வேர்

பிள்ளைகளுக்கோ மனைவிக்கோ எழுதுங்கள். வீட்டில் பார்த்த அப்பா வேறு, வகுப்பில் நின்ற ஆசிரியர் வேறு. அந்த இரண்டாவது ஆளை அவர்கள் பார்த்ததே இல்லை. துக்கத்தைக் கிளறாமல், அவர் வகுப்பில் செய்த ஒரு காரியத்தை மட்டும் அப்படியே எழுதுங்கள். "ஆழ்ந்த இரங்கல்" என்று தொடங்கினால் இரங்கல் கடிதங்களின் கட்டோடு போய்விடும். "உங்கள் அப்பாவிடம் 7ஆம் வகுப்பு படித்தவன்" என்று தொடங்குங்கள்.

#20 வெள்ளைச்சீருடை

முதியவர்களுக்கு எழுதும்போது கண்ணை நினைவில் வையுங்கள். கண்புரை இருப்பவருக்கு நீல மை, அதிலும் வெளிர் நீலம், தாளோடு கலந்துவிடும். கறுப்பு மை, வெள்ளைத் தாள், வரிக்கு வரி நல்ல இடைவெளி. தட்டச்சு செய்தால் 18 புள்ளி அளவுக்குக் குறையாமல். பளபளப்புத் தாள் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும். பூப்போட்ட, கோடு போட்ட அலங்காரத் தாளில் ழகரமும் ளகரமும் அவர்களுக்குப் பிரிந்து தெரியாது.

பார்வையே இல்லையென்றால், வீட்டில் யாரோ உரக்க வாசிக்கப் போகிறார்கள் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள். மருமகள் வாசிக்கும்போது சங்கடப்படும் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

#21 வேப்பமரத்தடி

வாட்ஸப்பில் அனுப்பினால் ஆகாதா? இதைக் கேட்காமல் இழை முடியாது என்று நினைக்கிறேன்.

#22 மைக்கூடு

ஆகும். நான்கு கேள்விக்கும் பதில் இருக்கிற வாட்ஸப் செய்தி, ஒன்றுக்கும் பதில் இல்லாத தங்க முலாம் அட்டையைவிட மேல். குழுவில் போடாமல் தனியாக அனுப்புங்கள். கை கூப்பிய படம் மட்டும் போதாது. உதவி நடந்த அன்றைக்கே வாட்ஸப்பில் ஒரு வரி, பலன் தெரிந்த பிறகு தாளில் ஒரு கடிதம் என்று இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது. போன் மாறினால் செய்தி போய்விடும், இன்லேண்ட் கடிதம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும்.

#23 நூலடுக்கு

நன்றிக் கடிதம் வந்தால் பதில் போட வேண்டுமா? பள்ளிக்கு வருகிற கடிதங்களுக்கு என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள்.

#24 அஞ்சல்வழி

கடமை இல்லை. ஆனால் எழுதியவர் வந்து சேர்ந்ததா என்று தெரியாமல் இருப்பார். ஒரு அஞ்சலட்டை போதும். "கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். கொய்யாப்பழம் ஞாபகம் வந்துவிட்டது." இதை யார் படித்தாலும் பாதகமில்லை, 50 பைசா.